காதலும் துப்பும் – தன்பால் காதற் கதைகளைப் படித்துச் சுவைத்தல்

நம் தென்காசிப் பகுதிக்கு அருவியாலும் சாரலாலும் வந்த பெயர் ஒருபுறம் இருக்க, இலக்கியத்தைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்த மண் என்ற பெயரும் உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்தில்தான் கழித்தார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் நடத்திய வட்டத்தொட்டியும், அவரைத் தேடி வந்த இராஜாஜி, கல்கி முதலியோரின் நட்பும் தமிழுலகம் அறிந்தவை. அவருடைய முறை எளியது. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். சொற்களைப் பிரித்துப் பலமுறை வாய்விட்டுப் படிப்பார். பாடியவனின் உள்ளம் எந்தச் சொல்லில் துடிக்கிறது என்று கேட்போருக்குக் காட்டுவார். தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவையே அல்ல என்று அவர் தள்ளியதையும், சில சொற்களைத் தாமே மாற்றிக்கொண்டதையும் புலவர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் ஒரு நூலைப் பற்றிப் பிறர் சொன்னதை மறந்துவிட்டு, அந்நூலின் எதிரில் நேராக உட்காரும் பழக்கத்தை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இக்கட்டுரையின் பொருளுக்கு அப்பழக்கம் மிகவும் தேவைப்படுகிறது.

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலிப்பதைச் சொல்லும் கதைகளையும், துப்பறியும் கதைகளையும், இவ்விரண்டும் கலந்த கதைகளையும் எவ்வாறு படிப்பது என்பதே அப்பொருள். இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். இரண்டுமே பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றவை. பாடப் புத்தகத்தின் நடுவில் வைத்து மறைத்துப் படிக்கப்பட்டவை. இது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம், இரண்டுமே மறைவைப் பற்றிய கதைகள் என்பது. துப்பறியும் கதையில் குற்றவாளி ஒளிகிறான். தன்பால் காதற் கதையில் காதலர் ஒளிகின்றனர். இவ்விரு ஒளிவும் ஒன்றே என்று எண்ணி எழுதப்பட்ட கதைகள் உண்டு. வேறு வேறு என்று உணர்ந்து எழுதப்பட்ட கதைகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் கண் வாசகனுக்கு வேண்டும்.

சொல்லைப் பற்றி

செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘ஓரினச்சேர்க்கை’. அச்சொல் ஒரு செயலை மட்டும் குறிக்கிறது. காத்திருத்தலும் கடிதமும் கோபமும் பிரிவும் அதனுள் அடங்கா. அகத்திணையின் உரிப்பொருள் ஐந்தில் புணர்தல் ஒன்றுதான். பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று நான்கு மீதம் இருக்கின்றன என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தன்பால் ஈர்ப்பு, தன்பால் காதல் என்னும் சொற்களே பொருந்துவன. சென்னை உயர்நீதிமன்றத்தின் முயற்சியை ஒட்டித் தமிழ்நாட்டரசு 2022-இல் இத்தகைய சொற்களின் தொகுதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. தம்மை ஆணாகவே உணர்ந்து ஆணை விரும்புபவர் வேறு. இவ்விருவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நம்மிடையே உள்ள பழைய வழக்கம்.

நம் மண்ணில்

மரபிலிருந்து தொடங்குவோர் பலரும் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கூறுவர். புறநானூற்றில் 212 முதல் 223 வரையுள்ள பாடல்களில் பெரும்பகுதி இவர்களைச் சுற்றி அமைந்தது. நேரில் கண்டறியாத நண்பன் வருவான் என்று சோழன் வடக்கிருந்து இடம் ஒதுக்கச் சொல்கிறான். பாண்டிநாட்டுப் புலவர் வந்து சேர்கிறார். பாரதிதாசன் இதை நாடகமாக்கினார். அந்நாடகத்துக்கு அவர் மறைவுக்குப் பின் 1969-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதைத் தன்பால் காதல் என்று முத்திரை குத்துவோரும் உளர். அப்பேச்சே கூடாது என்று சீறுவோரும் உளர். என் கருத்தில் இருதிறத்தாரும் அவசரப்படுகின்றனர். இரண்டு ஆண்களுக்கிடையே உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஓர் அன்பு இருக்க முடியும் என்பதை நம் முன்னோர் வெட்கமின்றிப் பாடி வைத்தனர். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டாலே அப்பாடல்களிலிருந்து நமக்குக் கிடைப்பது நிறைய.

ஆண் புலவன் பெண்ணாகி ஆண் தெய்வத்தை விரும்புதல் பக்தி இலக்கியத்தில் பெருவழக்கு. பாரதியார் 1917-இல் வெளிவந்த கண்ணன் பாட்டில் கண்ணனைத் தோழனாக, தந்தையாக, சேவகனாகக் கண்டதோடு காதலனாகவும் கண்டார். செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் 1918 இறுதி முதல் 1920 வரை அவர் வாழ்ந்தார். அந்தக் கடையம் இன்று நம் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் நம் பகுதியின் சிறந்த எடுத்துக்காட்டு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலுள்ள மேலகரத்தில் பிறந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைத் துப்பறியும் கதையாகப் படித்துப் பாருங்கள் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். வசந்தவல்லிக்கு வந்த நோய் என்ன என்று தெரியவில்லை. குறத்தி வருகிறாள், கையைப் பார்க்கிறாள், அடையாளங்களைக் கூட்டி இது காதல் நோய் என்றும் காதலன் குற்றாலநாதன் என்றும் சொல்லிவிடுகிறாள். பிறகு சிங்கன், காணாமற்போன சிங்கியைத் தேடித் திரிகிறான். கண்டதும் அவள் மேனியில் கிடக்கும் நகைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்கிறான். அவள் அது இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள். காணாமற்போனவர் வழக்கு, தடயம், குறுக்கு விசாரணை எல்லாம் இருக்கின்றன. இதைவிடச் சுவையான விசாரணையைப் போலீஸ் கதைகளில் நான் படித்ததில்லை. கண்டுபிடிக்கப்பட்டது காதல், அதனால் யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு பிற்காலக் கதைகளுக்குச் செல்வோம்.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ என்னும் சிறுகதை நம் அண்டைக் கரிசல் காட்டிலிருந்து வந்தது. சமையல் தொழில் செய்யும் ஓர் ஆண். நடை, பேச்சு, நாட்டம் எல்லாம் பெண்ணுடையவை. பெண்களின் நடுவில்தான் அவருக்கு நிம்மதி. மனம் ஓர் ஆணின்மேல் செல்கிறது. சங்கரன்கோவில் அம்மனின் பெயரைச் சுமந்த அந்த மனிதரைக் கி.ரா. மருத்துவக் குறிப்புப் போலவும் எழுதவில்லை, கண்ணீர்க் கதையாகவும் எழுதவில்லை. ஊரார் கிண்டல் செய்கிற அதே குரலில் தொடங்கி, படிக்கிறவன் அந்தக் கிண்டலிலிருந்து மெல்ல விலகும்படி செய்துவிடுகிறார்.

சு. சமுத்திரம் (1941–2003) திப்பணம்பட்டிக்காரர். 2019-இல் உருவான தென்காசி மாவட்டம் தன் மகன் என்று சொல்லிக்கொள்ளத் தக்கவர். ‘வேரில் பழுத்த பலா’வுக்காக 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1990-களின் முற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய ‘வாடாமல்லி’, கல்லூரிக்குப் படிக்கப்போன கிராமத்துச் சுயம்பு மேகலையாக மாறும் கதை. வீட்டிலும் கல்லூரியிலும் அவர் படும் பாட்டைச் சமுத்திரம் தமக்கே உரிய கோபத்தோடு எழுதினார். திருநங்கையரை முழு நாவலின் நடுவில் வைத்து, ஒரு பெரிய வார இதழின் வாசகர்களை வாரந்தோறும் படிக்கச் செய்தது சிறிய செயலன்று. ஆயினும் முன்னே சொன்ன வேறுபாட்டை இங்கே நினைக்க வேண்டும். வாடாமல்லி ஒரு திருநங்கையின் கதை. ஆணாகவே இருந்து ஆணை விரும்புகிறவனின் கதையன்று. நடையிலும் உடையிலும் வேறுபாடு தெரிகிறவரைத் தமிழ்ப் புனைகதை முதலில் கண்டுகொண்டது. நம் பக்கத்துப் பெஞ்சியில் நம்மைப் போலவே சட்டை அணிந்து உட்கார்ந்திருப்பவனைக் காண அதற்கு இன்னும் நாள் பிடித்தது. செங்கோட்டைக்கு அப்பால் மலையாளத்தில் வி. டி. நந்தகுமாரின் ‘ரண்டு பெண்குட்டிகள்’ 1974-லேயே வந்துவிட்டது. தமிழில் தன்பால் காதலர் தாமே எழுதிய கதைகளும், அவற்றுக்கென்று சென்னையில் நடக்கும் இலக்கிய விழாவும் இந்த நூற்றாண்டுக்கு உரியவை.

கண்டுபிடிக்க வேண்டியது எது?

இனித் துப்பறியும் கதை. பண்டித நடேச சாஸ்திரி 1890-களிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று தொடர்ந்து, தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த் என்று வளர்ந்து, பேருந்து நிலையக் கடைகளில் மாதந்தோறும் தொங்கிய ராஜேஷ்குமார் நாவல் வரை இவ்வகை நம்மை விட்டு அகலவில்லை. சாரல் பருவத்தில் குற்றாலத்து விடுதி அறையில் துண்டு காயும் வரை படிக்க இதைவிட நல்ல துணை இல்லை. இதை மட்டமென்று தள்ளும் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெதுவாகப் படிக்கவும், சொல்லப்படாததைக் கவனிக்கவும், முதற்பக்கத்தில் வந்த ஒரு சிறு பொருளை நூறாம் பக்கம் வரை நினைவில் வைத்திருக்கவும் இது பழக்குகிறது. டி.கே.சி. பாட்டுக்குச் சொன்ன கவனம் இதுவே.

ஆனால் இவ்வகைக் கதையில் ஒரு குழி இருக்கிறது. கதை முழுவதும் ஒரு மறைவு வேண்டும். இறுதியில் அது உடைய வேண்டும். ஒளித்து வாழ்கிற தன்பால் காதலன் இந்தத் தேவைக்கு மிக மலிவான சரக்கு. அவனுடைய காதலையே கடைசிப் பக்கத்து அதிர்ச்சியாக வைத்துவிடலாம். அல்லது அவனையே கொலைகாரனாக்கிவிட்டு, காரணம் கேட்டால் அவன் காதலைக் காட்டலாம். ‘வேட்டையாடு விளையாடு’ (2006) திரைப்படம் விறுவிறுப்பாக எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதில் கொடூரக் கொலைகள் செய்யும் இரண்டு இளைஞர்களின் உறவு இன்னது என்று படம் குறிப்பாகச் சொல்லி, அதையே அவர்கள் கொடுமைக்குச் சாயமாகப் பூசிவிடுகிறது. அரங்கில் எழுந்த சிரிப்பும் அருவருப்பும் கொலையை நோக்கி மட்டும் எழுந்தவை அல்ல. பார்க்கிறவன் அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளலாம்: இக்கதையில் கண்டுபிடிக்க வேண்டியது எது? கொலையா, காதலா? காதலே விடையாக வைக்கப்பட்டிருந்தால், ஆசிரியர் காதலைக் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று கொள்ளலாம்.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து, வயதுவந்தோர் மனமொத்து வாழும் உறவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள்தான் விடுவித்தது. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1895-இல் ஆஸ்கார் வைல்டு சிறை சென்றார். இத்தகைய சட்டம் உள்ள நாட்டில் மிரட்டிப் பணம் பறிப்பவனுக்குக் கொண்டாட்டம். ஒரு கடிதமோ ஒரு புகைப்படமோ போதும். இழந்தவன் போலீசுக்குப் போக முடியாது, போனால் முதற்குற்றவாளி அவனே. இந்நிலையை நேராக எடுத்துக்கொண்ட படம் 1961-இல் வந்த ‘விக்டிம்’. டிர்க் போகார்டு பெயர்பெற்ற வழக்கறிஞராக நடித்தார். தன்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்க ஓர் இளைஞன் காவலில் உயிரை மாய்த்துக்கொண்டதை அறிந்து, தன் மறைவு வெளிப்பட்டாலும் வெளிப்படட்டும் என்று அவ்வழக்கறிஞர் மிரட்டல்காரர்களைத் தேடிப் புறப்படுகிறார். துப்பறிகிறவனே மறைவுடையவன். குற்றம் மிரட்டல், காதல் அன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் 1967-இல் மாறியது.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹான்சன் 1970-இல் வெளியிட்ட ‘ஃபேட்அவுட்’ இவ்வழியில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர். இறந்ததாகச் சொல்லப்படுபவர் உண்மையில் இறந்தாரா, எப்படி இறந்தார் என்று பார்த்துப் பணம் கொடுக்கலாமா என்று சொல்வது அவர் தொழில். ஆற்றில் விழுந்த கார் கிடைக்கிறது. ஓட்டியவரின் உடல் கிடைக்கவில்லை. இவ்வளவும் வழக்கமான துப்பறியும் கதைதான். ஆனால் விசாரணையாளர் தம் நெடுநாள் துணைவனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரில் இருக்கிறார். அத்துணைவன் ஓர் ஆண். இதைக் கதை ஒளிக்கவில்லை, வியக்கவில்லை, விளக்கவுமில்லை. மனைவியை இழந்த துப்பறிவாளரை எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுதுகிறது. 1991 வரை பன்னிரண்டு நாவல்களில் டேவ் மூப்படைகிறார். மைக்கேல் நாவாவின் ‘தி லிட்டில் டெத்’ (1986) முதலான நாவல்களில் வரும் வழக்கறிஞர் ஹென்றி ரியோஸும் இவ்வழியினரே. கதாநாயகன் யாரைக் காதலிக்கிறான் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டபின், கதைக்கு உண்மையான ஒரு மர்மம் தேவைப்படுகிறது. சோம்பேறி எழுத்தாளரால் இது ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பேட்ரிசியா ஹைஸ்மித் கொலையும் சந்தேகமும் நிறைந்த கதைகளால் பெயர்பெற்றவர். அவர் 1952-இல் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ என்ற காதல் நாவலைக் கிளேர் மார்கன் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். கடையில் வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணும், மணவிலக்குக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணும் காதலிக்கின்றனர். காரில் நெடும்பயணம் போகின்றனர். கணவன் அனுப்பிய தனியார் துப்பறிவாளன் ஒருவன் பின்தொடர்ந்து, அவர்கள் தங்கும் அறைகளில் ஒலிப்பதிவுக் கருவி வைக்கிறான். வாசகன் இதுவரை எந்தத் துப்பறிவாளனோடு ஓடிப் பழகினானோ, அவனிடமிருந்தே இப்போது தப்பி ஓட வேண்டியிருக்கிறது. மகளைத் தாயிடமிருந்து பிரிப்பதற்கு அந்த ஒலிநாடாக்களே சான்றாகின்றன. எனினும் கதை இருவரின் அழிவில் முடியவில்லை. ஹைஸ்மித் தம் சொந்தப் பெயரை அதன்மேல் இட்டது 1990-இல். ‘எ பாசேஜ் டு இந்தியா’ எழுதிய ஈ. எம். ஃபார்ஸ்டரும் 1913–14-இல் எழுதிய ‘மாரிஸ்’ நாவலைத் தம் வாழ்நாள் முழுவதும் அச்சிடவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு 1971-இல் அது வெளிவந்தது. அதில் காதலர் இருவரும் இறுதியில் ஒன்றுசேர்கின்றனர். தற்கொலையில் முடித்திருந்தால் அச்சிட அவ்வளவு தடை இருந்திராது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதையை விட்டு நாட்டுக்கு வந்தாலும் இதே அமைப்பைக் காணலாம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தனர், போலீஸ் தேடியது. அவர்கள் உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டனர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருள் போதிய அளவு விளங்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டபின் 2021 ஜூன் 7-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது, ‘குணப்படுத்துகிறேன்’ என்று மருத்துவர் எவரும் முயலலாகாது என்று அதில் கூறினார். காணாமற்போனவர் எங்கே என்பதற்கு விடை முதல் நாளே கிடைத்துவிட்டது. விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது வேறொன்று. அதற்குத்தான் நாள் ஆயிற்று. திருமண உரிமைக் கேள்வியை உச்சநீதிமன்றம் 2023-இல் சட்டமன்றங்களுக்கே விட்டுவிட்டது.

ஒரு நூல், சற்று விரிவாக

இவ்வளவு சொன்னபின் ஒரே நூலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படித்துக் காட்டுவது முறை. தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றியதாகவும், தன்பால் காதலும் மர்மமும் இரண்டும் உடையதாகவும் நான் கண்ட நூல் ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994-இல் வெளிவந்த ‘ஃபன்னி பாய்’. ஆசிரியர் 1965-இல் கொழும்பில் பிறந்தவர்; தந்தை தமிழர், தாய் சிங்களவர்; 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடா சென்றார். ஆறு கதைகள் சேர்ந்து ஒரு நாவலாகின்றன. ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவனே கதை சொல்கிறான்.

முதற்கதையில் தாத்தா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளோடு ‘கல்யாண விளையாட்டு’. ஆர்ஜிதான் எப்போதும் மணப்பெண். ஒருநாள் பெரியவர்கள் கண்ணில் பட்டுவிட, அன்றோடு அவன் ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்குத் துரத்தப்படுகிறான். ஏன் என்று கேட்கும் மகனுக்குத் தாயிடம் விடை இல்லை. பன்றிக்குப் பறக்க முடியாதது போல் சில காரியங்கள் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறாள். பெரியவர்கள் அறிந்துகொண்டது ஒன்று. அதற்குப் பெயர் சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. சிறுவனோ தான் செய்த பிழை யாதெனத் தேடிக்கொண்டிருக்கிறான். மர்மக் கதையின் தொடக்கம் இங்கேயே இருக்கிறது.

மூன்றாவது கதை வெளிப்படையான துப்பறியும் கதை. தாயின் பழைய நண்பர் டேரில், பறங்கியர், பத்திரிகையாளர். யாழ்ப்பாணத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளை விசாரிக்கப் போகிறார். கடற்கரையில் பிணமாகக் கிடைக்கிறார். தாய் போலீசிடம் போகிறாள், அவர் வீட்டு வேலைக்காரப் பையனைத் தேடுகிறாள், மகனையும் அழைத்துக்கொண்டு அவனுடைய கிராமத்துக்குப் போகிறாள். அங்கே கிடைப்பது ஊராரின் பகையும் ஒரு தாயின் அழுகையும்தான். பழகிய ஒரு வழக்கறிஞரிடம் கேட்டால், விட்டுவிடு என்கிறார். கொலையாளி யார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. ஏமாற்றமாக இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். சங்கர்லால் இருந்தால் தேநீர் அருந்திவிட்டுக் கண்டுபிடித்திருப்பார். ஆனால் குற்றவாளி அரசுப் பக்கமே நிற்கும்போது சங்கர்லால் யாரிடம் ஒப்படைப்பார்? இக்கதையில் வேறொன்றும் கண்டுபிடிக்கப்படுகிறது. தாய்க்கும் டேரிலுக்கும் இருந்த பழைய அன்பை மகன் உய்த்துணர்கிறான். உணர்ந்தும் யாரிடமும் சொல்வதில்லை. பிறர் காதலைக் கண்டுகொண்டால் என்ன செய்வது என்பதை அவன் கற்றுக்கொள்ளும் இடம் அதுவே.

ஐந்தாவது கதைதான் நூலின் இதயம். ‘ஆண்பிள்ளை’ ஆக்குவதற்காகத் தந்தை அவனை வேறு பள்ளியில் சேர்க்கிறார். அங்கே ஷெஹான் என்னும் சிங்கள மாணவனோடு நட்பு, நட்பு காதலாகிறது. ஷெஹானைத் தலைமையாசிரியர் ஓயாமல் தண்டிக்கிறார். அதே தலைமையாசிரியர், பள்ளியைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக்க முயலும் துணைத் தலைமையாசிரியரை எதிர்த்து நிற்பவர். பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி இரண்டு ஆங்கிலப் பாடல்களைப் பிழையின்றி ஒப்பித்தால் தலைமையாசிரியரின் கை ஓங்கும். அவர் வென்றால் தமிழ் மாணவர்க்கு நல்லது. ஆர்ஜியோ மேடையில் வேண்டுமென்றே வரிகளை முன்பின்னாகக் குழப்பி விழாவைச் சிதறடிக்கிறான். இனமா, காதலா என்ற கேள்வியை இவ்வளவு சிறிய மேடையில், பள்ளிச் சீருடையில் நிறுத்திய வேறு கதை எனக்குத் தெரியாது. அவன் செய்தது சரியா என்று வகுப்பில் வாதிட்டால் இரண்டு பாடவேளையும் போதாது. தமிழனாகப் பார்த்தால் ஒரு விடை வருகிறது. அடிபடும் பையனின் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு விடை. இரண்டில் ஒன்றை மழுப்பாமல் வாசகனிடமே விட்டுவிடுவதால்தான் இதைச் சிறந்த கதை என்கிறேன்.

கடைசிக் கதை 1983 ஜூலை, ஆகஸ்டு மாத நாட்குறிப்பு. வீடு எரிகிறது, தாத்தாவும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகின்றனர். புறப்படுமுன் ஆர்ஜி கடைசி முறையாக ஷெஹானைப் பார்க்கப் போகிறான். திரும்பி வந்தபின் உடையை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை; ஷெஹானின் மணம் அதில் இருக்கிறது.

நூலின் ஆங்கிலம் எளிது. அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாம் ஆண்டு மாணவர் தடையின்றிப் படிக்கலாம். துப்பறியும் கதையில் பழகியவர்கள் மூன்றாவது கதையிலிருந்தும், மற்றவர்கள் முதலிலிருந்தும் தொடங்குவது நல்லது. விழா மேடைக் காட்சியை மட்டும் டி.கே.சி. சொன்னபடி வாய்விட்டு, இரண்டாம் முறையும் படிக்க வேண்டும்.